வெசலிங்க் வீட்டுக்காக நான் சொன்ன ‘ஆட்சேபணை இல்லை’

அனுப்புநர்:
ஹார்மென் லூபர்ஸ்,
பால் டேங்கர் லாரி ஓட்டுநர்,
எண் 6, ஓடைச் சாலை,
ஃபோசபெல்ட் சிற்றூர்,
ஹெல்டர்லோ நகராட்சி.

பெறுநர்:
திருமதி இ. வான் ஆல்ஃபன் அவர்கள்,
அனுமதிப் பிரிவு அலுவலர்,
நகராட்சி அலுவலகம்,
ஹெல்டர்லோ.

பொருள்: ஃபோசபெல்ட் சூரியமின் பண்ணை – எண் 8, ஓடைச் சாலை, வெசலிங்க் இல்லம் – அவ்வீட்டார் சம்மதித்ததாகத் தரப்பட்ட பொய்யான குறிப்பை நீக்கவும், வீட்டுக்குத் தெற்கே கம்பம் அடிப்பதை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அனுமதி ஆணை, நாள் 27.06.2022.

புகாருக்கு உள்ளானவர்: மேற்படி அனுப்புநர்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் வேலைக்கு நடுவே இதைப் படிக்க நேரம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. புகாருக்கு உள்ளானவர் என்ற இடத்தில் என் பெயரே இருப்பது கைத்தவறு அல்ல. படிவம் வாங்க வந்தபோது, வரவேற்பில் இருந்த அம்மையார் பார்த்துவிட்டு, “சார், ரெண்டு எடத்துலயும் உங்க பேரையே போட்டுட்டீங்க” என்று புதுப் படிவம் கொடுத்தார். அதிலும் அப்படியே எழுதினேன். மூன்றாவது படிவம் அவர் தரவில்லை. நடந்ததை வரிசையாகக் கீழே தருகிறேன்.

1. நான் முப்பத்தொரு வருடமாகப் பால் டேங்கர் ஓட்டுகிறேன். படிப்பு ஊர்த் தொழிற்பள்ளியோடு முடிந்தது. அதுவும் நானாக முடிக்கவில்லை, அவர்களாக முடித்து அனுப்பினார்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாக என் மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். இந்தக் காரியத்தில் இன்னொருவர் கை பட்டால் அதுவும் அழுக்காகும்.

2. எங்கள் சிற்றூரின் தெற்கு வயல்களில் பதினான்கு ஹெக்டேர் நிலத்தில் சூரியமின் பண்ணை அமைய உள்ளது. பாதி ஒரு மின் நிறுவனத்துக்கு, பாதி எங்கள் முப்பத்தொன்பது வீடுகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு. சங்கத் தலைவர் லீஸ்பெத் லூபர்ஸ் என் மகள். ஆறு வருடம் இதற்காக அலைந்தாள். வெளியூரிலிருந்து யாரோ வந்து வேலி போட்டுப் பூட்டிவிட்டுப் போகிற பண்ணையாக இது இருக்கக் கூடாது, பேனலுக்கு அடியில் நம் ஊர் ஆடு மேய வேண்டும், வரிசைகள் எங்கே நிற்கும் என்பதை நம் ஊர் தீர்மானிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் உட்கார்ந்து பேசினாள். நான் இந்தப் பண்ணைக்கு எதிரி அல்ல. சங்கத்தில் என் உறுப்பினர் எண் 2. ஒன்றாம் எண் அவளுடையது.

3. பண்ணை எல்லையை ஒட்டிய பதினொரு வீடுகளின் சம்மதம் தேவைப்பட்டது. பதிவுத் தபால் அனுப்பலாம் என்றாள் லீஸ்பெத். ஊர் மன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரர் ரூலோஃப், “தபாலா? ஏம்மா, யாராவது யார்மேலயாவது கேஸ் போட்டிருக்காங்களா?” என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயால் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தாங்கள் கடலோர மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருப்பதாக அறிவதால் ஒன்றைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ‘முதல் அயலார்’ உண்டு. குழந்தை பிறந்தால் தெருவுக்குச் சொல்பவர் அவர். சாவு விழுந்தால் முதலில் ஓடுபவரும் அவர். அந்த வீட்டுக்காக அவர் ஒன்று சொல்லிவிட்டால், வீட்டாரிடம் போய் “நிஜமா?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பது இரண்டு வீட்டுக்கும் அவமானம். ரீனி வெசலிங்க், அவர் கணவர் டெர்க் ஆகியோருக்கு முதல் அயலார் நான். இருபத்தாறு வருடமாக.

4. அவர்கள் சம்மதத்தைக் கேட்கப் பிப்ரவரி மாதம் முதல் தடவை போனேன். டெர்க்குக்குப் பக்கவாதம் வந்து, சிகிச்சை நிலையத்திலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பின்னறையில் கட்டில் போட்டு, தெற்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார் ரீனி. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால், அதற்கப்பால் வயல், வயல் முடிகிற இடத்தில் கருவாலி மரங்கள். வேறொன்றும் இல்லை. “இந்த ஜன்னல் மட்டும் இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கொன்னுருப்போம், ஹார்மென். விடிஞ்சதும் அதுல பார்க்க ஆரம்பிச்சா பொழுது போயிடுது அவருக்கு. ஆள்காட்டிக் குருவி எப்ப வந்துச்சு, முயல் எந்தப் பக்கம் ஓடுச்சு, எல்லாத்தையும் கைய நீட்டி எனக்குக் காட்டியாகணும் அவருக்கு” என்றார். வந்த விஷயத்தை இரண்டாவது காபிக்கு முன்னால் சொல்வது எங்களிடம் மரியாதை இல்லை. இரண்டாவது காபி வந்தது. குடித்தேன். ரீனி கொடுத்த, பாகில் ஊறிய பேரிக்காய்ப் புட்டி ஒன்றோடு வீடு திரும்பினேன். பண்ணை வரப்போவது ரீனிக்குத் தெரியும், பேனல்கள் அந்த ஜன்னலுக்கு எதிரிலேயே வரும் என்பது தெரியாது. அதைச் சொல்லவில்லை.

5. இரண்டாவது தடவை போனபோது டெர்க் விழித்திருந்தார். அவருக்கு மிஞ்சியிருக்கும் சொற்கள் நான்கு: ‘இல்ல’, ‘காபி’, ‘கோணல்’, இன்னொன்று அரசு அலுவலருக்கு எழுதத் தகாதது. டெர்க் தன் காலத்தில் இந்த வட்டாரத்திலேயே நேராக உழுதவர். வெளியே ஒப்பந்த டிராக்டர் ஒன்று வயலில் எரு தள்ளிக்கொண்டிருந்தது. டிராக்டர் திரும்பும் ஒவ்வொரு முறையும் டெர்க், “கோணல்!” என்றார். நாலாவது திருப்பத்தில் எழுதத் தகாத சொல்லைச் சொன்னார். நானும் ரீனியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, “இந்த வயல்ல பேனல் வரப்போகுது” என்று எப்படிச் சொல்வது? சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கலாம். நான் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

6. மூன்றாவது தடவை பண்ணையின் வரைபடத்தைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன், இன்று எப்படியும் விரித்துவிடுவது என்று. நுழைந்ததுமே ரீனி, “அது என்ன, கோட்டுக்குள்ள கொழல் மாதிரி?” என்றார். “கழிப்பறைச் சுவத்துக்கு ஒட்டற தாள்” என்று என் வாய் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது என்று அதைத்தான் கேட்க வேண்டும். “என்ன கலர்? பச்ச எடுக்காத, பாசி புடிச்சாப்ல இருக்கும்” என்றார் ரீனி. அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தால் பார்ப்பாரே என்ற பயத்தில், கடைக்குப் போய்த் தாள் வாங்கி உண்மையாகவே ஒட்டினேன். மஞ்சள். எங்கள் வீட்டுக் கழிப்பறைக்கு மூன்று பக்கமும் இன்று என் பொய் ஒட்டியிருக்கிறது. ரீனி வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

7. மார்ச் 12, சனிக்கிழமை முற்பகல், ஊர் மன்றத்தில் கூட்டம். லீஸ்பெத் ஒவ்வொரு வீட்டுப் பெயராக வாசித்தாள். அந்தந்த முதல் அயலார் எழுந்து பதில் சொன்னார்கள். ஒரு வீட்டார் வேலியோரம் புதர்வேலி கேட்டிருந்தார்கள், குறித்துக்கொண்டாள். ஒரு வீட்டார் மின்மாற்றியைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். அந்த இடத்திலேயே வரைபடத்தில் நகர்த்தினாள். கேட்டதெல்லாம் நடந்தது. கேட்கத்தான் வேண்டியிருந்தது. பத்தாவதாக, “வெசலிங்க்” என்று சொல்லி என்னைப் பார்த்தாள். அப்பா என்று அல்ல, முதல் அயலார் என்று பார்த்தாள். “சொல்லியாச்சு. ஆட்சேபணை இல்லை” என்றேன். டிக் அடித்தாள். பதினொன்றும் முடிந்ததும் மன்றமே எழுந்து என் மகளுக்குக் கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவள் அன்று ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு இருந்தது. அந்த ஆசையைக் காரணமாகச் சொல்கிறேனே தவிர, சமாதானமாகச் சொல்லவில்லை.

8. பிறகு தங்கள் அலுவலகப் படிவத்தில், ‘ஒட்டிய வீட்டார் அனைவருக்கும் தெரிவிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை’ என்ற வரிக்கு நேரே சங்கத்தின் கையொப்பமும் முதல் அயலார்களின் கையொப்பமும் வாங்கப்பட்டன. வீட்டார் கையொப்பமிட அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதைக் குறை என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை; இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

9. ஆணை ஜூன் 27இல் வெளியாயிற்று. ஆட்சேபிக்க ஆறு வாரம் கெடு. அறிவிப்பு ஊர் வாரப் பத்திரிகையில் வந்தது. ரீனி அதைப் படித்திருக்கிறார். டெர்க்கைக் குளிப்பாட்ட வரும் செவிலியர், “இது உங்க வீட்டுப் பக்கமா?” என்று கேட்டதற்கு, “எங்கள பாதிக்கறதா இருந்தா ஹார்மென் வந்து சொல்லியிருப்பானே” என்று சொல்லி, பத்திரிகையை மடித்து உருளைத்தோல் சீவ விரித்தாராம். இதை அந்தச் செவிலியரே கடையில் வைத்து என்னிடம் சொன்னார், நல்ல அயலார் அமைந்திருப்பதற்குப் பாராட்டாக. ஆகஸ்ட் 8இல் கெடு முடிந்தது. அம்மையீர், அவர்கள் கெடுவைத் தவறவிட்டது அசிரத்தையால் அல்ல. என்னை நம்பியதால்.

10. செப்டம்பர் 28ஆம் தேதி மின் நிறுவனத்தின் நில அளவுக்காரர்கள் வந்து, வாய்க்காலுக்கு அப்பால் பதினொரு மீட்டரில் ஆரஞ்சு நிற முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். எட்டு வரிசைகள். வேலி இரண்டு மீட்டர், பேனலின் மேல்விளிம்பு இரண்டரை மீட்டர். கட்டிலில் படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அதற்குமேல் வானம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். டெர்க் முளைகளைப் பார்த்து எழுதத் தகாத சொல்லை நாள் முழுக்கச் சொன்னதாக ரீனி தெரிவித்தார்.

11. அன்று மாலை ரீனி எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் வந்ததோ என்னிடம் உதவி கேட்க. “அந்தப் பசங்க எடம் மாத்தி அடிச்சிட்டுப் போயிட்டானுங்க, ஹார்மென். நம்ம பக்கம் வராதுன்னு இருந்தா எப்படி அடிப்பானுங்க? லீஸ்பெத் பாவம், அவளுக்கே தெரியாம இருக்கும். எனக்கு எழுத வராது. நீ மொத அயலான், நீ நகராட்சிக்கு ஒரு மனு போடு. நல்லா சூடா எழுது” என்றார். எழுதுகிறேன் என்றேன். அவர் போனதும் உட்கார்ந்து, நிறுவனத்தின் அளவுக்காரர்கள் மேல் ஒரு மனு எழுதினேன். நன்றாகவே வந்தது. ‘பொறுப்பற்ற செயல்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது, அந்த இரண்டு இடத்திலும் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த மனுவைக் கிழித்துவிட்டேன். தாங்கள் இப்போது படிப்பதுதான் ரீனி கேட்ட மனு. ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

12. அக்டோபர் 2, ஞாயிறு, என் மகளிடம் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்த நேரம். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. சூப் ஆகிற அளவுக்கு மசித்தாள். பிறகு, “மூணு தடவ போனீங்களேப்பா” என்றாள். போனேன் என்றேன். “எட்டு வரிச. திரும்ப வரையணும். மின்வாரியத்துல இணைப்பு வாங்க வசந்தகாலத்துக்கு எடம் புடிச்சு வச்சிருக்கோம், தப்பிட்டா வரிசைல கடைசிக்குப் போயிடுவோம். எத்தன வருஷமோ தெரியாது.” கரண்டியை வைத்துவிட்டு, “முப்பத்தொம்பது வீட்லயும் உக்காந்து, யாரையும் கேக்காம ஒரு கம்பம்கூட நடமாட்டோம்னு சொன்னவ நான். எல்லாரும் அத நம்பினாங்க. எங்கப்பா பேச்ச நான் நம்பின மாதிரி” என்றாள். அவள் கத்தியிருக்கலாம். சின்ன வயதில் நல்ல சத்தம் அவளுக்கு. கடைசியில், “நீங்க எழுதுங்க. நான் எழுதினா சங்கம் தப்பிக்கப் பாக்குதுன்னு ஆயிடும். ஆனா அனுப்பறதுக்கு முந்தி அவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க” என்றாள். வேலையை நிறுத்தி வைக்கும்படி மறுநாளே அவள் நிறுவனத்திடம் கேட்டாள். நகராட்சி சொன்னால்தான் நிறுத்த முடியும், கையில் ஆணை இருக்கிறது, இயந்திரம் வாடகைக்கு எடுத்தாயிற்று என்று பதில் வந்தது. அவர்கள் மேல் தவறில்லை. அவர்களிடம் இருக்கும் தாளில் ஆட்சேபணை இல்லை என்றுதான் இருக்கிறது.

13. அதன்படி அக்டோபர் 8, சனிக்கிழமை, மேலே உள்ள பன்னிரண்டு பத்திகளையும் ரீனி, டெர்க் இருவர் முன்னிலையிலும் வாசித்தேன். பால் டேங்கரைப் பனிக்கட்டிச் சாலையில் ஓட்டியிருக்கிறேன், அது சுலபம். சுவர்த்தாள் வந்த இடத்தில் ரீனி சிரிப்பார் என்று ஒரு அற்ப ஆசை இருந்தது, சிரிக்கவில்லை. முடித்ததும் ஒன்று கேட்டார்: “நாங்க வேணாம்னு சொல்லிடுவோம்னே முடிவு பண்ணிட்டியா?” இன்றுவரை அதைத்தான் யோசிக்கிறேன். அவர் சரி என்று சொல்லியிருக்கவும் கூடும். நாலு வரிசையைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கலாம். கட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றியிருக்கலாம். ஊருக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தோம் என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் ‘சரி’யை அவர் சொல்லுமுன் நான் அவர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு ரீனி எழுந்து போய் என் கோட்டை எடுத்துவந்து கொடுத்தார். “இனிமே பின்பக்கமா வராத, ஹார்மென். வர வேண்டியிருந்தா முன்வாசல்ல வந்து மணி அடி” என்றார். எங்கள் பக்கத்து வீடுகளில் முன்வாசலுக்கு வருபவர்கள் மத போதகர், அரசு அலுவலர், சவப்பெட்டி தூக்குபவர்கள் மட்டும். அந்த வீட்டு அழைப்பு மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

எனவே, கம்பம் அடிக்கும் இயந்திரம் அக்டோபர் 17, திங்கட்கிழமை காலை வர இருப்பதால், அதற்கு முன்னதாகத் தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) வெசலிங்க் இல்லத்தின் பேரில் நான் இட்ட கையொப்பத்தைச் செல்லாது என்று பதிவு செய்யவும்,

(ஆ) அவ்வீட்டுக்குத் தெற்கே உள்ள எட்டு வரிசைகளில் மட்டும் வேலையை நிறுத்தி வைக்கவும். மீதிப் பண்ணையில் வேலை தடையின்றி நடக்கவிடவும். அது முப்பத்தொன்பது வீடுகளின் ஆறு வருட உழைப்பு,

(இ) தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் சென்று, ரீனி, டெர்க் இருவரிடமும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளவும்; கெடு முடிந்தது என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதிருக்கவும்; அந்தக் கெடுவைத் தின்றவன் நான்,

(ஈ) பொய்க் கையொப்பத்துக்கு உரிய தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்கு விதிக்கவும். சங்கத்துக்கோ அதன் தலைவருக்கோ இதில் எதுவும் தெரியாது என்பதைப் பதிவு செய்யவும்

மிகுந்த தலைகுனிவோடு வேண்டுகிறேன். இவற்றில் ஏதேனும் ஒன்றுதான் முடியும் என்றால், (இ) ஒன்றை மட்டுமாவது செய்து தாருங்கள்.

தங்கள் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். வெசலிங்க் இல்லத்துக்கே, அவர்கள் பெயருக்கே, தபாலில் அனுப்பக் கோருகிறேன்.

இடம்: ஃபோசபெல்ட்
நாள்: 10.10.2022

இப்படிக்கு,
தவறிழைத்த
ஹார்மென் லூபர்ஸ்

இணைப்புகள்:

1. பண்ணையின் வரைபடம். எட்டு வரிசைகளும் சிவப்பில் வட்டமிடப்பட்டுள்ளன. ஓரங்கள் சுருண்டிருப்பதற்கு மன்னிக்கவும்.

2. நான் கையொப்பமிட்ட படிவத்தின் நகல்.

3. திருமதி ரீனி வெசலிங்க் தம் கைப்பட எழுதியது. எழுத வராது என்றவர், இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, இன்று காலை எங்கள் தபால் பெட்டியில் போட்டிருந்தார். மேலுறையில் ‘நகராட்சிக்கு’ என்று மட்டும் இருக்கிறது. உறை ஒட்டப்பட்டு, அதன் மேல் ஒட்டுநாடாவும் சுற்றப்பட்டுள்ளது. சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியாது. வந்தபடியே கொடுக்கிறேன்.